அடையில் உட்கார்ந்த கோழி எழவே மாட்டேன் என்கிறது, தூக்கி விடலாமா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது. தோட்டத்து வீட்டில் ஒரு சிறுவிடைக் கோழி, அதாவது சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையின் மூலையில், பிளாஸ்டிக் கூடையில், 11 முட்டைகளோடு அடையில் உட்கார்ந்து ஆறு நாள் ஆகிறது. இரை எடுக்க எழுந்த மாதிரியே தெரியவில்லை. கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்துகிறது. தூக்கி வெளியே விடலாமா, முட்டைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டுமா என்று இரண்டு கேள்விகள். கூடவே போகிற போக்கில் ஒரு வரி: போன தடவை இரண்டு வாரமாக முட்டை சேர்த்து, சமையலறைப் பானையில் வைத்திருந்து, 12 முட்டை வைத்ததில் மூன்றுதான் பொரிந்ததாம். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம்தான் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் கோழியைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு, அந்தப் பானைக்கு அப்புறம் வருகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் கோழி இல்லாத நாள் கிடையாது.

உங்கள் கோழி பெரும்பாலும் எழுந்துதான் போகிறது, நீங்கள் பார்க்கவில்லை. அடைக்கோழி நாளைக்கு ஒரு தடவை, அபூர்வமாக இரண்டு தடவை, எழுந்து கால் மணி அரை மணி நேரம் வெளியே போய் வரும். விடியற்காலையில் வீட்டார் கண் விழிக்கும் முன்போ, மத்தியானம் எல்லாரும் அசந்திருக்கும்போதோ போய்விட்டு வந்து ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் எச்சத்தைத் தேடுங்கள். முட்டையை அசிங்கப்படுத்தக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்து ஒரே தடவையில் போடுவதால் எலுமிச்சம்பழப் பருமனில், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு கிடக்கும். கொட்டகையைச் சுற்றி எங்காவது அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கவலையை விடுங்கள். கழுத்துக்கு அடியில் இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. உள்ளே தானியம் நெருடினால் இரை எடுத்திருக்கிறது.

எச்சமும் இல்லை, இரைப்பையும் இரண்டு நாளாக ஒட்டிக் கிடக்கிறது என்றால் தூக்கித்தான் விட வேண்டும். அப்படிப் பிடிவாதமாக உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் கோழிகளும் உண்டு. ஆனால் தூக்கும் விதம் முக்கியம். மேலிருந்து இரண்டு கையால் அப்படியே அள்ளித் தூக்காதீர்கள். அடைக்கோழி இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒன்றிரண்டு முட்டையை இடுக்கி வைத்திருக்கும். தூக்கின வேகத்தில் அது நழுவி மற்ற முட்டை மேல் விழுந்து இரண்டும் உடையும். முதலில் ஒரு கையை மெதுவாக வயிற்றுக்கு அடியில் விட்டு, மறு கையால் இரண்டு இறக்கையையும் ஒவ்வொன்றாக லேசாகத் தூக்கி, முட்டை இல்லை என்று பார்த்துவிட்டு எடுங்கள். கொத்தும், கொத்தட்டும், பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். கொண்டுபோய் இரை, தண்ணீர் பக்கத்தில் விட்டால் கொஞ்ச நேரம் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல அப்படியே குந்தியிருக்கும். தள்ளிவிடாதீர்கள். தானே எழுந்து உடம்பை உதறி, எச்சம் போட்டு, அவசர அவசரமாகத் தின்று குடித்துவிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் முட்டை ஆறிப்போகுமே என்று பயப்படத் தேவையில்லை. நம் ஊர் வெயிலில் அரை மணி நேரம் திறந்து கிடந்தால் கரு சாகாது. மார்கழிக் குளிரிலும் அடைமழை நாளிலும்தான் கால் மணி நேரத்துக்குள் திரும்பியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அது ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். அடைக்கு உட்காரும் கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது. முட்டையிடுவது நிற்கிறது, பசி குறைகிறது, உட்கார்ந்தே இருக்கும் மனநிலை வருகிறது. நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து, அல்லது தானே பிடுங்கிக்கொண்டு, வெறும் தோல் முட்டையில் நேராகப் படும். அந்தத் தோலில் ரத்த ஓட்டமும் அதிகமாகும். இரை குறைவதால் 21 நாளில் எடை குறைவது இயல்பு. கொண்டை கொஞ்சம் வெளிறிப் போவதும் இயல்புதான். நீங்கள் செய்ய வேண்டியது, அது எழுந்து வரும் அந்தக் கால் மணி நேரத்தில் சத்தான இரையும் சுத்தமான தண்ணீரும் தேடாமல் கிடைக்கும்படி வைப்பது. கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், நெல், இதுபோல முழுத் தானியமாக வையுங்கள். தானியம் தின்றால் எச்சம் கெட்டியாக இருக்கும், கூடு சுத்தமாக இருக்கும். இந்த மூன்று வாரத்துக்குக் கீரை, சோற்று மிச்சம், ஊறவைத்த தவிடு வேண்டாம், கழிச்சல் வந்தால் கூட்டிலேயே கழிந்து வைக்கும். முட்டைக்கோழித் தீவனமும் தேவையில்லை. முட்டையிடாத கோழிக்கு அவ்வளவு சுண்ணாம்புச் சத்து எதற்கு?

இரையைக் கூடைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. நாலைந்து அடி தள்ளி வைத்தால்தான் எழுந்து, கால் நீட்டி, வெளியே எச்சம் போட்டுவிட்டு வரும். அந்த இடைவெளியில் முட்டைகளும் கொஞ்சம் காற்றாடும். கத்திரி வெயில் நேரத்தில் தண்ணீரை மட்டும் கிட்டத்தில் வைக்கலாம். மற்ற கோழிகள் அந்த இரையைத் தின்றுவிட்டுப் போகாமல் ஒரு மறைப்பு போடுங்கள். பக்கத்தில் மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு சின்னக் குழி இருக்கட்டும், இறங்கிப் புரளும். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, தண்ணீர் தெளிப்பது. கோழி முட்டைக்குத் தேவையில்லை. ஈரப்பதம் வேண்டும் என்பது உண்மைதான். இன்குபேட்டரில்கூட முதல் 18 நாளுக்கு 50 முதல் 55 சதவீதமும், கடைசி மூன்று நாளுக்கு அதைவிட அதிகமாகவும் வைப்பார்கள். ஆனால் கோழிக்கு அடியில் இருக்கும் முட்டைக்குக் கோழியின் உடம்பே அதைப் பார்த்துக்கொள்ளும். முட்டை மேல் நேராகத் தண்ணீர் பட்டால் ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு கரையும், நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே போக வாய்ப்பு கூடும். ஈரம் தர வேண்டுமென்றால் கீழிருந்து தர வேண்டும். நம் பாட்டிமார்கள் அகலமான மண்சட்டியில் மணலைப் போட்டு, அதை லேசாக நனைத்து, மேலே வைக்கோல் பரப்பி முட்டை வைத்தது இதற்குத்தான். மணல் ஈரமும் சட்டியின் குளுமையும் சேர்ந்து வெயில் காலத்தில் நன்றாக வேலை செய்யும். வாத்து முட்டையைக் கோழிக்கு வைத்திருந்தால் கதை வேறு. அதற்கு 28 நாள் ஆகும், ஈரமும் கூடுதலாக வேண்டும், தாய் வாத்து நனைந்த உடம்போடு வந்து உட்காரும். அங்கே லேசான தெளிப்பு உதவும்.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்துவது பிளாஸ்டிக் கூடையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும். முட்டைக்கு வேண்டிய சூடு 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டியது. குளிரை முட்டை கொஞ்சம் தாங்கும், சூட்டைத் தாங்காது. மே மாதத்து மத்தியானம் அந்தக் கூரைக்கு அடியில் போய் நீங்களே பத்து நிமிடம் நின்று பாருங்கள். கோழி வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு, முட்டையை விட்டு எழுந்து நிற்கிறது என்றால் முட்டையும் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூரை மேல் தென்னங்கீற்றோ வைக்கோலோ பரப்பி, மத்தியானம் ஒரு தடவை நீர் தெளித்துவிடுங்கள். பக்கவாட்டில் காற்று போகட்டும், எதிர்க்காற்று நேராகக் கோழி மேல் அடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் கூடையின் அடியில் காற்றும் போகாது, ஈரமும் நிற்காது. அதை மாற்ற நினைத்தால் ராத்திரி மாற்றுங்கள். அடியில் நனைந்த மணலும் மேலே வைக்கோலும் போட்ட சட்டியை அதே இடத்தில் வைத்து, இருட்டில் முட்டைகளை மாற்றி, கோழியைப் பக்கத்தில் விட்டால் அதுவே ஏறி உட்காரும். இடத்தையே மாற்றுவது இப்போது வேண்டாம். ஆறாம் நாளில் இடம் மாற்றினால் பாதிக் கோழி பழைய மூலைக்கே ஓடி வெறுந்தரையில் உட்காரும். சட்டி முறம் மாதிரித் தட்டையாகவும் வேண்டாம், வாளி மாதிரி ஆழமாகவும் வேண்டாம். தட்டையாக இருந்தால் முட்டை உருண்டு ஒதுங்கும், ஆழமாக இருந்தால் கோழி குதித்து இறங்கும்போது உடைக்கும்.

சரி, பானைக்கு வருவோம். உங்கள் 12 முட்டையில் ஒன்பது போனதற்குக் காரணம் அந்த இரண்டு வாரம்தான் என்பது என் ஊகம். ஊகம் என்றுதான் சொல்கிறேன், சேவல் விஷயமும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன கோடை மாதமும் சமையலறையும் சேர்ந்து அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. முட்டைக்குள் இருக்கும் கரு, இட்ட பிறகு சூடு குறைந்தால் உறங்கிவிடும். 20 டிகிரியை ஒட்டிய குளுமையில் அப்படியே உறங்கும். 27 டிகிரிக்கு மேல் போனால் மெல்ல வளரத் தொடங்கிவிடும். வளர்வதற்குப் போதுமான சூடு இல்லை, உறங்குவதற்குப் போதுமான குளுமையும் இல்லை. அந்த இரண்டுங்கெட்டான் நிலையில் கரு பலவீனப்பட்டு, கோழி உட்கார்ந்த முதல் நாலைந்து நாளிலேயே செத்துவிடும். பொரிப்பகங்களில் முட்டையை 15 முதல் 18 டிகிரியில் வைப்பதும், ஒரு வாரத்துக்கு மேல் வைக்கத் தயங்குவதும் இதனால்தான். நம் சமையலறையில் கோடையில் 34, 35 டிகிரி இருக்கும். அங்கே இரண்டு வாரம் என்பது முட்டைக்கு ரொம்ப நீளமான காலம்.

அப்படியானால் காட்டுப்பக்கம் திருட்டுத்தனமாக முட்டையிட்டு ஒரு நாள் பதினைந்து குஞ்சோடு வந்து நிற்கும் கோழி எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் புதர் அடியில், ஈர மண்ணில், வெயில் எட்டாத மூலை. மழைக் காலத்திலும் தை மாசியிலும் அப்படி வருவதைப் பார்க்கிறோம். கத்திரியில் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. நாட்டுக்கோழி ஒரு ஈற்றுக்கு 12 முதல் 15 முட்டை வரை இடும். வெயில் காலத்தில் முதலில் இடுகிற முட்டைகளைச் சாப்பிட்டுவிடுங்கள். கடைசியாக இட்ட எட்டு ஒன்பதை மட்டும் அடைக்கு வையுங்கள். எல்லா முட்டையையும் எடுத்துவிட்டால் கோழி இடம் மாற்றும், அதனால் ஒரு பழைய முட்டையில் கரித்துண்டால் கோடு போட்டு அங்கேயே விட்டுவைப்பது வழக்கம். சேர்க்கும் முட்டையைப் படுக்கையறைப் பக்கம் குளுமையான மூலையில், நனைந்த மணல் மேல் வைத்த சின்னச் சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கலாம். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும், கழுவ வேண்டாம். விரிசல் விட்டது, ரொம்பச் சிறியது, ரொம்பப் பெரியது, கோணலானது எதுவும் வேண்டாம்.

போன தடவை கெட்ட முட்டைகளை உடைத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலானோர் பார்ப்பதில்லை, குப்பைக் குழியில் வீசிவிடுகிறார்கள். ஆனால் காரணம் அதற்குள்தான் இருக்கிறது. இந்தத் தடவை பொரியாமல் எது மிஞ்சினாலும், வீட்டை விட்டுத் தள்ளிப் போய், ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்து உடையுங்கள்; கூமுட்டை வெளியில் வெடித்தால் சட்டையைக் கழற்றி எறிய வேண்டி வரும். உள்ளே மஞ்சள் கரு மட்டும் இருந்தால் கரு கூடவே இல்லை, அல்லது கூடி முதல் இரண்டு மூன்று நாளில் செத்துவிட்டது. இந்த இரண்டையும் வெறும் கண்ணால் பிரிப்பது கஷ்டம், எனக்கும் கஷ்டம். ரத்த வளையம் ஒன்று தெரிந்தாலோ, விரல் நுனி அளவு குஞ்சு இருந்தாலோ முதல் வாரத்தில் செத்திருக்கிறது. சேமித்த முறையையும் சூட்டையும் சந்தேகப்படுங்கள். இறகு முளைத்த முழுக் குஞ்சு உள்ளேயே செத்திருந்தால் கடைசி நாட்களில் கோழி விட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஈரம் போதாமல் இருக்கலாம், தாய்க் கோழிக்குச் சத்துக் குறைவு இருக்கலாம். மூன்றில் எது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எல்லா முட்டையும் வெறும் மஞ்சளாக இருந்தால் சேவலைத்தான் பார்க்க வேண்டும். எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு நல்ல சேவல் போதும். சேவல் பிரிந்த பிறகும் பத்து நாளுக்கு மேல் கோழிக்குக் கருமுட்டை வரும், ஆனால் நாளாக ஆகக் குறையும். கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிற ஒருவராவது எப்போதும் இருப்பார்: அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது, பொரியாது.

இப்போதைய 11 முட்டையைப் பற்றி நாளை ராத்திரியே தெரிந்துகொள்ளலாம். ஏழாம் நாள் முட்டையை வெளிச்சத்தில் பார்க்க நல்ல நேரம். ஒரு அட்டையில் முட்டையைவிடச் சிறிய துளை போட்டு, அடியில் போன் டார்ச்சைப் பிடித்து, முட்டையின் மழுங்கிய பக்கம் துளை மேல் படும்படி வையுங்கள். உள்ளே ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் புள்ளி அசையும். வெறும் மஞ்சள் நிழல் மட்டும் தெரிந்தால் கரு இல்லை. சிவப்பு வளையம் இருந்தால் செத்துவிட்டது. பழுப்பு ஓட்டில் சரியாகத் தெரியாவிட்டால் திரும்ப வைத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள், சந்தேகத்தில் எதையும் எடுக்காதீர்கள். கெட்டதை எடுத்துவிடுவதில் ஒரு லாபம், மிச்ச முட்டைகளைக் கோழி நன்றாக மூடும். சிறுவிடைக்கு 11 என்பதே எல்லைதான். கோழி ஒரு நாளில் பல தடவை அலகால் முட்டையைப் புரட்டி ஓரத்தில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றும். அதனால் முட்டை அதிகமாக இருந்தால் ஓர முட்டை ஒன்று மட்டும் கெடுவதில்லை, முறை மாற்றி எல்லாமே குளிர்கிறது. பார்க்கும்போதே பென்சிலால் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மற்ற கோழிகள் அதே கூட்டில் வந்து முட்டையிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். கோடு இல்லாத முட்டையைக் கண்டால் அன்றே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பொரிப்பு நாள் குழம்பிவிடும். முட்டை ஏதாவது உடைந்து மற்றவற்றில் வழிந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் துடைத்து, வைக்கோலை மாற்றுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

அடை காக்கும் கோழி நடுவில் எழுந்து ஓடிவிடுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் செள்ளும் பேனும்தான். மண்ணில் புரளாமல் மூன்று வாரம் ஒரே இடத்தில் சூடாக உட்கார்ந்திருக்கும் கோழி அவற்றுக்கு விருந்து. சிலவகைச் செள் பகலில் கூடையின் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரியில் ஏறி ரத்தம் குடிக்கும். பகலில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் அது போதாது. ராத்திரி டார்ச்சோடு போய் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை ஊதிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு சிவப்பும் கறுப்பும் ஊர்ந்தால் அதுதான். ராத்திரியில் கோழி முட்டை மேல் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலும் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வைக்கோலை எரித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், கூடையை வெயிலில் காயவையுங்கள் அல்லது வெந்நீர் ஊற்றுங்கள், சாம்பல் குழியில் புரள விடுங்கள். வேப்பிலை, நொச்சி இலை பரப்புவதும் வசம்புத் தூள் தேய்ப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. லேசாக இருக்கும்போது உதவுவதைப் பார்த்திருக்கிறேன், நிறைய பிடித்துவிட்டால் அதை மட்டும் நம்ப மாட்டேன். அப்போது கால்நடை மருந்தகத்தில் கேட்டு, கோழிக்கென்று உள்ள மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துத் தூளைக் கோழி மேல் தூவுகிறார்கள் சிலர். முட்டை ஓட்டுக்குத் துளை உண்டு, அந்த விஷம் உள்ளே போகும்; பொரிந்த குஞ்சும் அதிலேயே புரளும்.

பாம்பு, கீரி, மரநாய், பெருச்சாளி பற்றித் தோட்டத்து வீட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரை அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத கம்பி வலை போதும், ராத்திரி கதவைச் சாத்துங்கள். எறும்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். முட்டையில் கீறல் விழுந்ததும் அந்த ஈர வாடைக்கு எறும்பு சாரை கட்டி வந்துவிடும். வெளியே வர முடியாத குஞ்சு உள்ளேயே கடிபட்டுச் சாகும். சட்டியை ஒரு முக்காலி மேல் வைத்து, கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் போதும். முக்காலி உயரமாக வேண்டாம், குஞ்சு கீழே விழுந்தால் ஏறத் தெரியாது. பதினெட்டாம் நாளுக்கு முன்பே தரையில் இறக்கிச் சுற்றிலும் நீர் கட்டினாலும் சரி.

இரும்பு ஆணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் வைக்கச் சொல்கிறார்களே என்று யாராவது கேட்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பு அதைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. இரும்பு இடியைத் தடுப்பதற்கு எந்த ஆதாரமும் நான் பார்த்ததில்லை. இடி மழை நாளில் திடீரென்று குளிர்ந்து, சாரல் அடித்து, கோழி பயந்து எழுந்து போவது மட்டும் உண்மை. சாரல் படாமல் கூடையை வைத்தால் காரியம் முடிந்தது. ஆணி வைப்பதால் கெடுதலும் இல்லை, வீட்டில் பெரியவர்கள் வைக்கச் சொன்னால் வைத்துவிட்டுப் போங்கள். கூர்முனை முட்டையில் சேவல் குஞ்சு வரும் என்பது தப்பு. பதினெட்டாம் நாள் முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, ஆடுகிறதா என்று பார்ப்பது சில இடங்களில் வழக்கம். உயிருள்ள முட்டை ஆடத்தான் செய்யும், ஆனால் அந்த நேரத்தில் முட்டையை நனைப்பது எனக்குப் பிடிக்காது. தெரியாமல் கீறல் விழுந்திருந்தால் குஞ்சு மூழ்கிவிடும்.

பதினெட்டாம் நாளிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். டார்ச் வேண்டாம், தூக்குவது வேண்டாம். கணக்கை, கோழி ராத்திரியும் பகலும் விடாமல் உட்கார்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், முட்டை வைத்த நாளிலிருந்து எண்ணினால் ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே போகும். இருபதாம் நாள் வாக்கில் காதை வைத்தால் முட்டைக்குள்ளிருந்து குஞ்சு சத்தம் கேட்கும், தாயும் அதுவரை கேட்காத ஒரு தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். அதன் பிறகு மழுங்கிய பக்கத்தில் ஒரு கீறல். கீறல் விழுந்து வெளியே வர பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். உதவி செய்யக் கை பரபரக்கும். ஓட்டுக்கு உள்பக்கச் சவ்வில் ரத்தக் குழாய்கள் இன்னும் வற்றாமல் இருக்கும், நாம் உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளவும் அந்த நேரம் வேண்டும். ஒரு நாள் தாண்டியும் அதே கீறலோடு நின்றால், சவ்வு காய்ந்து ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை நனைத்து, நுனியில் கொஞ்சமே விலக்கலாம். அப்படி வந்த குஞ்சில் பிழைப்பதும் உண்டு, காலை இழுப்பதும் உண்டு. உறுதி சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு முட்டை பிந்தும். முன்னால் பொரிந்த குஞ்சுகள் ஓடத் தொடங்கினால் தாய் எழுந்துவிடும், அதனால் 23ஆம் நாள் வரை குஞ்சுகளைத் தாயோடு கூடையிலேயே இருட்டாக வைத்துக்கொள்ளப் பாருங்கள். வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு இருப்பதால் குஞ்சு இரண்டு நாள் இரை இல்லாமல் தாங்கும், பசிக்குமே என்று அவசரப்பட வேண்டாம்.

அதன் பிறகு பஞ்சாரத்தில் தாயும் குஞ்சுமாக வையுங்கள். முதல் வாரம் நொய்யரிசி, உடைத்த கம்பு, கிடைத்தால் குஞ்சுத் தீவனம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், குஞ்சு அதில் விழுந்து நனைந்தால் குளிரில் செத்துவிடும். காகத்துக்கும் பருந்துக்கும் எட்டாமல் முதல் இரண்டு வாரம் வலைக்குள்ளேயே இருக்கட்டும். ஏழாம் நாள் வாக்கில், வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற கோழி நோய் வராமல் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும், எட்டாம் வாரத்தில் தடுப்பூசி போட வேண்டும். சொட்டு மருந்து பல கோழிகளுக்கான குப்பியாகத்தான் வரும், கலந்த பிறகு அன்றே தீர்க்க வேண்டும், ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். பக்கத்து வீட்டுக் குஞ்சுகளையும் சேர்த்து ஒரே நாளில் கொடுங்கள், மருந்து வீணாகாது. மாவட்டத்துக்கு மாவட்டம் அட்டவணை கொஞ்சம் மாறும், அதனால் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் சொல்லும் நாளையே பின்பற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து கேட்பீர்கள். இந்தத் தடவையும் குறைவாகப் பொரிந்தால், கோழி இன்னும் உட்கார்ந்துதானே இருக்கிறது என்று உடனே இன்னொரு தொகுதி முட்டையை வைத்துவிடாதீர்கள். 21 நாள் அரைப் பட்டினியில் இருந்த கோழியை இன்னொரு 21 நாளுக்கு உட்கார வைத்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்திக்கொள்ளும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் முதலில் போவது அதுதான். குஞ்சு எதுவும் இல்லாமல் அடை விடாத கோழியைத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு குத்துவது எல்லாம் வேண்டாம். அடிப்பக்கம் கம்பி வலை போட்ட கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், காற்று அடியில் படும்படி மூன்று நான்கு நாள் வைத்து, இரையும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் அடை விட்டுவிடும். அதற்குப் பிறகு அடுத்த ஈற்றுக்கு முட்டையிட இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அந்த நேரத்தில் வெயிலும் தணிந்திருக்கும்.